பழவேற்காடு போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறையாவது பழவேற்காடு போய்வருவது தெரிந்ததிலிருந்து, டிசம்பர் பிறந்தால் போன் வர ஆரம்பித்துவிடும். நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள், கூட வேலை பார்க்கிறவர்களின் மாமனார் வரை. கேட்பது என்னவோ பெரும்பாலும் அதே சந்தேகங்கள்தான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

இது ஏரியா, கடலா? தண்ணி உப்பா இருக்குமா?

இரண்டும் கலந்தது. கடலை ஒட்டி, ஒரு நீண்ட மணல்திட்டு மறித்து நிற்க, அதற்குப் பின்னால் தேங்கிக் கிடக்கும் உப்பங்கழி இது. இந்தியாவில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி. ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி ஆகிய ஆறுகள் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும். முகத்துவாரம் வழியே கடல் உள்ளே ஏறும், இறங்கும். அதனால் மழை முடிந்த கையோடு தண்ணீர் லேசாகக் கரிக்கும். கோடையில் உப்பு ஏறிக்கொண்டே போகும். மே மாதம் வடக்குப் பகுதியில் பல இடங்கள் காய்ந்து, உப்புப் பூத்த வெள்ளைத் தரையாகிவிடும்.

நீளம் கிட்டத்தட்ட 60 கி.மீ. ஆனால் ஆழம் சராசரியாக ஒரு மீட்டர்தான். இன்னொன்றையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனை மட்டும்தான் தமிழ்நாட்டில், திருவள்ளூர் மாவட்டத்தில். கீழே வரும் பல பதில்கள் இதை வைத்துத்தான்.

பழவேற்காடுன்னா ஊரா, ஏரியா?

ஊர்தான் முதலில். பழைய வேல மரக்காடு என்பதுதான் பழவேற்காடு என்று சொல்வார்கள். விஜயநகரக் காலத்தில் ஆனந்தராயன் பட்டணம் என்ற பெயரும் இருந்தது. ஐரோப்பியர் வாயில் அது புலிகாட் ஆகி, ஏரிக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. ஊர் ஏரியின் தெற்குக் கரையில் இருக்கிறது. கோட்டை, கல்லறை, பழைய கோயில், பள்ளிவாசல் எல்லாம் இங்கே. பூநாரை (ஃபிளமிங்கோ) போன்ற பறவைகள் அதிகம் தெரிவது வடக்கே, ஆந்திரப் பக்கம் சூளூர்பேட்டையை ஒட்டி. இந்த வித்தியாசம் தெரியாமல் பழவேற்காடு ஊரில் நின்றுகொண்டு "பூநாரையே இல்லையே" என்று போன் செய்தவர்கள் நிறைய.

எந்த மாசம் போனா நல்லா இருக்கும்?

பறவைக்காக என்றால் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிவிட்டு ஓய்ந்திருக்கும், தண்ணீர் மெல்ல வடிந்து பூநாரை நின்று மேயும் அளவுக்கு வந்திருக்கும், வெயிலும் தாங்கும். மழை நிறையப் பெய்த வருஷம் தண்ணீர் ஆழமாக நிற்பதால் பறவைகள் தள்ளித் தள்ளிப் போய்விடும். அப்படிப்பட்ட வருஷத்தில் நான் ஜனவரி கடைசி வரை காத்திருப்பேன்.

கோட்டை, கல்லறை, கோயில் பார்க்க எந்த மாதமும் சரிதான், ஏப்ரல், மே தவிர. கல்லறைத் தோட்டத்தில் நிழலே கிடையாது. நவம்பரில் புயல் எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அந்த நாட்களில் ஊர்க்காரர்களுக்கு உங்களைக் கவனிக்க நேரம் இருக்காது.

சென்னையிலேர்ந்து எப்படிப் போறது? கார் இல்லாம முடியுமா?

முடியும். பழவேற்காடு ஊருக்கு: சென்ட்ரல் புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறி பொன்னேரியில் இறங்குங்கள். அங்கிருந்து பழவேற்காட்டுக்குப் பேருந்து உண்டு, சுமார் 20 கி.மீ. காரில் போனால் சென்னையிலிருந்து மொத்தம் 55 முதல் 60 கி.மீ. இருக்கும்.

பறவைக்கு: அதே தடத்தில் இன்னும் வடக்கே சூளூர்பேட்டை வரை போகும் ரயில்கள் இருக்கின்றன. சாலை வழி என்றால் சென்னை–கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் தடா தாண்டி சூளூர்பேட்டை. அங்கே ஆட்டோ பேசிக்கொள்ளலாம். பேசும்போதே "போய், நின்று, திரும்பி வர" என்று சொல்லிப் பேசுங்கள். நிற்கிற நேரம்தான் அங்கே பயணமே.

பூநாரை எங்க நின்னா தெரியும்?

சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். அந்தச் சாலையோரம்தான் இடம். காலை ஆறரைக்குள் போய்விடுங்கள், எட்டு எட்டரைக்கு மேல் கானல் எழும்ப ஆரம்பித்தால் தூரத்துப் பறவை எல்லாம் நடுங்கும் வெள்ளைக் கோடாகத்தான் தெரியும்.

முதலில் பார்ப்பவர்கள் "இளஞ்சிவப்பா இல்லையே, வெள்ளையா இருக்கே" என்பார்கள். கொஞ்ச நேரம் இருங்கள். கூட்டம் ஒரு பக்கமாக நகரும், தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, கால்களை மாற்றி மாற்றிச் சேற்றை மிதித்துக்கொண்டே போகும். மிதித்தால்தான் அடியில் இருக்கும் சின்ன உயிர்கள் கலங்கி மேலே வரும். அலகு அதைச் சல்லடை போல வடிகட்டும். அப்போது ஒரு லாரி ஹாரன் அடித்தால், நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் இறக்கையை விரிக்கும். உள்ளே மறைந்திருந்த சிவப்பும் கறுப்பும் அப்போதுதான் தெரியும். அதற்காக நீங்கள் ஹாரன் அடிக்காதீர்கள், கல் விடாதீர்கள், தயவுசெய்து. ஒவ்வொரு முறை பறக்கும்போதும் அது தின்ற தீனியில் ஒரு பங்கு வீணாகிறது. அந்தத் தீனிக்காகத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

கிட்டப் போய்ப் பார்க்கலாம் என்று சேற்றில் இறங்கவும் கூடாது. மேலே காய்ந்த மாதிரி தெரியும், கால் வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். ஒரு இருநோக்கி (பைனாகுலர்) கடன் வாங்கியாவது கொண்டுபோங்கள்.

நேலப்பட்டுன்னு ஒரு இடம் சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

வேறு வேறு, ஆனால் பக்கம். நேலப்பட்டு சூளூர்பேட்டைக்கு வடக்கே, சுமார் 20 கி.மீ. தொலைவில் உள்ள ஏரியும் சரணாலயமும். பழவேற்காட்டு ஏரி பறவைகளுக்குச் சாப்பாட்டுக் கூடம் என்றால், நேலப்பட்டு பிள்ளைப்பேறு வீடு. கூழைக்கடாக்கள் (பெலிகன்கள்) அங்கே தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும். இரை தேடப் பெரிய ஏரிக்குப் போய்விட்டு வந்து குஞ்சுக்கு ஊட்டும். குழந்தைகளோடு போனால் நேலப்பட்டைத் தவறவிடாதீர்கள். பூநாரையைத் தூரத்தில் பார்த்துச் சலித்த பிள்ளைகள் இங்கே கூழைக்கடாவின் பைக்குள் குஞ்சு தலையை நுழைப்பதைப் பார்த்துவிட்டு நகர மாட்டார்கள்.

சூளூர்பேட்டையில் பூநாரைத் திருவிழா என்று அரசே நடத்துகிறது. கூட்டம் பிடிக்கும் என்றால் அந்த நாட்களில் போகலாம். பறவை பிடிக்கும் என்றால் அதற்கு முன்னாலோ பின்னாலோ போங்கள்.

ஒரே நாள்ல பூநாரையும் பாத்து, டச்சுக் கல்லறையும் பாத்துட்டு வந்துடலாமா?

கார் இருந்தால் முடியும், ஆனால் நான் இரண்டாகப் பிரிக்கத்தான் சொல்வேன். சூளூர்பேட்டையிலிருந்து பழவேற்காடு ஊருக்கு ஏரிக்கரையோடு நேர் சாலை கிடையாது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி என்று சுற்றித்தான் வர வேண்டும், எழுபது கி.மீ. போல ஆகும். கட்டாயம் ஒரே நாள்தான் என்றால் சென்னையில் நான்கரைக்குக் கிளம்பி, பறவையை முதலில் முடித்துவிட்டு, பதினொரு மணிக்குள் தெற்கே இறங்குங்கள். கல்லறையும் ஊரும் பிற்பகல் மூன்று மணிக்குமேல்தான் நன்றாக இருக்கும்.

போட்ல போலாமா? கரையிலேயே கூப்பிடுறாங்களாமே?

இதற்கு நான் எப்போதும் நேராகத்தான் பதில் சொல்வேன்: பழவேற்காடு ஊர்ப் பக்கம் போகாதீர்கள். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சுற்றிப் பார்க்க வந்தவர்களை ஏற்றிப்போன படகு ஒன்று கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாவட்ட நிர்வாகம் இங்கே சுற்றுலாப் படகுச் சவாரியைத் தடை செய்தது. முதல் பதிலில் ஏரியின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் என்றேன் அல்லவா, அதை நம்பி "மூழ்கினாலும் நிற்கலாமே" என்று சொல்பவர்கள் உண்டு. முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே ஆழம் வேறு, கடலேற்றமும் இறக்கமும் உண்டாக்கும் இழுப்பு வேறு.

மீன்பிடிப் படகு மீனுக்கும் வலைக்கும் கட்டப்பட்டது. இருபது பேர் ஒரே பக்கம் சாய்ந்து படம் எடுப்பதற்கு அல்ல. படகில் போயே ஆக வேண்டும் என்பவர்கள், ஆந்திரப் பக்கம் தடா அருகே பீமுலவாரிபாளையத்தில் சுற்றுலாத் துறை படகுத்துறை இருக்கிறது, அங்கே கேளுங்கள். அங்கேயும் உயிர்காப்பு அங்கியைக் கையில் கொடுத்தால் போதாது. குழந்தைக்குப் பொருந்துகிற அளவா, கொக்கி பிடிக்கிறதா என்று போட்டுப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

தீவெல்லாம் இருக்குன்னு சொல்றாங்க, எந்தத் தீவுக்குப் போகலாம்?

பெயர் தெரிந்த தீவுகள் மூன்று: ஸ்ரீஹரிகோட்டா, இரக்கம், வேநாடு. ஸ்ரீஹரிகோட்டாதான் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே சுவர் மாதிரி நீண்டு கிடப்பது. அதைப் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன். வேநாட்டில் பெயர்பெற்ற தர்கா ஒன்று இருக்கிறது, அதற்காக மக்கள் போய்வருகிறார்கள்.

இரக்கம் எனக்குப் பிடித்தது. நிர்வாகத்தில் ஆந்திரம், பேச்சில் தமிழ். கடைப் பலகை தெலுங்கில் இருக்கும், உள்ளே "என்னங்க வேணும்?" என்று கேட்பார்கள். மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது கோடு ஏரி மேல் விழுந்தது. மனிதர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். பீமுலவாரிபாளையத்திலிருந்து படகில்தான் போக வேண்டும். அங்கே "பார்க்க வேண்டிய இடம்" என்று பட்டியல் போட ஒன்றும் இல்லை. ஊர் மக்கள் மளிகை, சிலிண்டர், பள்ளிப் பை என்று எல்லாவற்றையும் படகில் ஏற்றி இறக்குவதைப் பார்த்தாலே தீவு வாழ்க்கை என்றால் என்ன என்று புரியும். கடைசிப் படகு எப்போது என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்ரீஹரிகோட்டாவுக்குள்ள போய் ராக்கெட் பாக்கலாமா?

சும்மா போய் உள்ளே நுழைய முடியாது. சதீஷ் தவான் விண்வெளி மையம் இருக்கும் தீவு, சோதனைச் சாவடியில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஏவுதல் நாட்களில் பொதுமக்கள் பார்க்க 2019இல் பார்வையாளர் மாடம் திறந்தார்கள். இஸ்ரோ இணையதளத்தில் ஒவ்வொரு ஏவுதலுக்கும் முன்பதிவு அறிவிப்பு வரும். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அடையாள அட்டை கட்டாயம்.

முன்பதிவு கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். பழவேற்காட்டுக் கடற்கரையிலிருந்தும் ராக்கெட் மேலே ஏறுவது தெரியும். முதலில் வெளிச்சம், ரொம்ப நேரம் கழித்துத்தான் சத்தம் வந்து நெஞ்சில் இடிக்கும். சூளூர்பேட்டையில் காளங்கி கரையில் செங்காளம்மன் கோயில் இருக்கிறது. ஏவுதலுக்கு முன்னால் விஞ்ஞானிகள் வந்து கும்பிட்டுவிட்டுப் போகும் கோயில். போகிற வழிதான், நீங்களும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம்.

டச்சுக்காரங்க இந்த மூலைக்கு ஏன் வந்தாங்க?

துணிக்காக. மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வாங்கப் போன இடம் இந்தோனேசியத் தீவுகள். அங்கே இருந்தவர்கள் விரும்பிக் கேட்டது சோழமண்டலக் கரையின் சாயத் துணியை. ஆகவே நறுமணப் பொருள் வேண்டும் என்றால் முதலில் இங்கே வந்து துணி வாங்கியாக வேண்டும். பழவேற்காடு அப்போதே விஜயநகரத்தின் பெரிய துறைமுகம். போர்த்துக்கீசியர்கள் நூறு வருஷம் முன்னதாகவே வந்துவிட்டிருந்தார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து வந்து டச்சு வணிக நிலையத்தை அவர்கள் தாக்க, 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள். அதுதான் கெல்டிரியா கோட்டை. கட்டிய அதிகாரியின் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுத் தலைமையிடம் இதுதான். சென்னை என்ற பட்டணத்துக்கு ஆங்கிலேயர் இடம் வாங்கியது 1639இல். அப்போது இங்கே கோட்டைக்கு வயது இருபத்தாறு. 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் "பாளையகாட்டுக் கைலி" என்று கேட்டு வாங்குவார்களே, அந்தப் பெயர் இந்த ஊர்தான். ஆங்கிலத்திலும் கட்டம் போட்ட ஒருவகைக் கைக்குட்டைத் துணிக்கு புலிகாட் என்றே பெயர் இருந்தது.

அடிமை வியாபாரம் நடந்துச்சுன்னு படிச்சேன். உண்மையா?

உண்மை. பஞ்சமும் போரும் வந்த வருஷங்களில் சோறில்லாமல் விற்கப்பட்டவர்கள், பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள் எனப் பல்லாயிரம் பேரை டச்சு நிறுவனம் இந்தக் கரையிலிருந்து படேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலில் அனுப்பியது. பழவேற்காடு அதில் முக்கியமான துறை. கல்லறைத் தோட்டத்தில் அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் பூ வேலைப்பாட்டோடு கல் இருக்கிறது. கப்பலேற்றப்பட்டவர்களுக்கு இங்கே ஒரு கல்கூடக் கிடையாது. அந்தத் தோட்டத்தில் நிற்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் ஆசை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

கல்லறையில அப்படி என்ன இருக்கு?

நுழைவாயிலைப் பாருங்கள் முதலில். இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றின் பக்கம் மணற்கடிகாரம். உன் நேரமும் இப்படித்தான் ஒழுகுகிறது என்று வருகிறவருக்குச் சொல்கிற மாதிரி. உள்ளே எழுபதுக்கு மேற்பட்ட பழைய டச்சுக் கல்லறைகள். தட்டையான பெரிய கருங்கற்கள், கூம்பாக எழும்பிய சில சின்னங்கள். குனிந்து பார்த்தால் எழுத்துகள் அச்சு வார்த்த மாதிரி இருக்கும். குடும்பச் சின்னம், கப்பல், இலைக்கொடி எல்லாம் தெரியும். மழை பெய்த மறுநாள் எழுத்துப் பள்ளங்களில் தண்ணீர் நின்று வானம் தெரியும். படிக்கத் தெரியாவிட்டாலும் வருஷத்தையும் வயதையும் கண்டுபிடித்துவிடலாம். இளவயதில் செத்தவர்கள் அதிகம்.

இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம். கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பது, பெயர் கீறுவது எல்லாம் வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் சட்டப்படி இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வாயில் பூட்டியிருந்தால் பக்கத்துக் கடைகளில் கேளுங்கள், காவலர் எங்கே என்று சொல்வார்கள். சுவரேறிக் குதிக்க வேண்டாம்.

கல்லறைக்குப் போயிட்டு கோயிலுக்குப் போகலாமா? வீட்டுல அம்மா கேக்குறாங்க.

அம்மாவின் மனசு நிம்மதியாக இருக்க வேண்டும் என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் கோயில், மாலையில் கல்லறை. பழவேற்காட்டு ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்புறாங்கல்லில் கட்டியது. கையகலக் கற்களில் ராமாயணக் காட்சிகளைச் செதுக்கியிருக்கிறார்கள். ஊருக்கு வரும் வழியில் திருப்பாலைவனம் என்ற ஊரில் சோழர் காலச் சிவன் கோயிலும் இருக்கிறது. இரண்டும் நடுப்பகலில் சாத்திவிடுவார்கள் என்பதால் காலையில் கோயில் என்பது எப்படியும் நல்ல ஏற்பாடுதான்.

கோட்டைன்னு மேப்ல காட்டுது, போனா முள்ளுக்காடு தான் இருக்கு. வழி தப்பிட்டேனா?

தப்பவில்லை. அந்த முள்ளுக்காடுதான் கோட்டை. கெல்டிரியாவில் இன்று நிற்கிற சுவர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மண்மேடு, அகழி ஓடிய தடம், செங்கல் சிதறல், அதன்மேல் சீமைக்கருவேலம். உள்ளே புகுந்து போகாதீர்கள், பாம்பு உண்டு. ஓரமாக நடந்து அகழியின் வளைவைக் கண்ணால் பிடித்தாலே எவ்வளவு பெரிய கோட்டை என்று புரியும்.

அங்கே நிற்கும்போது ஒருவரை நினைத்துக்கொள்வேன். ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற டச்சுப் பாதிரியார், 1630களில் இந்தக் கோட்டையில் இருந்தவர். இங்கிருந்த பிராமணர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு நம் சடங்குகள், பண்டிகைகள் பற்றி எழுதினார். அவர் இறந்தபின் 1651இல் அது அச்சாகி, ஐரோப்பாவில் பலர் இந்து சமயத்தைப் பற்றி முதன்முதலில் விவரமாகப் படித்தது அதில்தான். சமஸ்கிருதக் கவி பர்த்ருஹரியின் பாடல்களும் அதன் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தன. அந்த மனிதர் நடந்த இடம் இந்த முள்ளுக்காடு.

வேற என்ன பாக்கலாம்? ரெண்டு மணி நேரம் மீதி இருக்கு.

பள்ளிவாசல் தெருக்களில் நடங்கள். இங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாகக் கடல் வணிகம் செய்தவர்கள்; சில வீடுகளில் அரபுத்தமிழில், அதாவது தமிழை அரபு எழுத்தில், எழுதிய ஏடுகள் இன்னும் இருக்கின்றன. சின்னப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க அமைத்த சூரியக் கடிகாரம் உண்டு. அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றி, தொழுகை நேரம் தவிர்த்துப் பாருங்கள். இந்த வீட்டுப் பெண்கள் பனை ஓலையில் பெட்டி, கூடை, கிலுகிலுப்பை முடைகிறார்கள். ஒன்று வாங்குங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள் என்பது என் வேண்டுகோள். ஓலையைக் காயவைத்து, சாயம் ஏற்றி, கீறி முடைய ஆகும் நேரத்தைப் பார்த்தால் கேட்கிற விலை குறைவுதான்.

மகிமை மாதா ஆலயம் 1515இல் போர்த்துக்கீசியர் தொடங்கியது. நீங்கள் பார்க்கப் போவது பிற்காலக் கட்டடம். பாலம் தாண்டினால் கலங்கரை விளக்கமும் கடற்கரையும்.

பீச்ல குளிக்கலாமா?

வேண்டாம். காவலுக்கு ஆள் இல்லாத கடல், அலைக்கு அடியில் இழுப்பு அதிகம், முகத்துவாரத்தை ஒட்டி இன்னும் மோசம். கால் நனைத்துவிட்டு வாருங்கள்.

நண்டு நல்லா இருக்கும்னு சொல்றாங்க. எங்க, எப்ப வாங்கறது?

காலையில் மீன் ஏலம் நடக்கும் இடத்துக்குப் போங்கள். சேற்று நண்டு உயிரோடு, கொடுக்கைக் கட்டி வைத்திருப்பார்கள். கையில் எடுத்துப் பார்க்கும்போது கனமாக இருக்க வேண்டும். லேசாக இருந்தால் ஓட்டுக்குள் சதை இல்லை, தண்ணீர்தான். ஏரி இறாலும் மடவை மீனும் இங்கே ருசி. ஊரில் சின்னச் சின்ன உணவகங்களில் மதியம் மீன் சாப்பாடு கிடைக்கும். நண்டு வேண்டும் என்றால் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். பழவேற்காட்டில் நாட்டுப் படகுகள் என்பதால் அப்போதும் மீன் வரும்.

தங்க இடம்?

பழவேற்காடு ஊரில் எதிர்பார்க்காதீர்கள். பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூளூர்பேட்டையில் விடுதிகள் உண்டு. பறவைக்கு வருகிறவர்கள் முதல் நாள் இரவே சூளூர்பேட்டை வந்துவிடுவது நல்லது.

ட்ரோன் கொண்டு வரலாமா?

கூடாது. ஏவுதளம் பக்கத்தில் இருக்கிறது, கீழே பறவைகள் இருக்கின்றன. கொண்டு வந்திருந்தாலும் காரிலிருந்து ட்ரோனை வெளியே எடுக்காதீர்கள்.

ஏரி தூர்ந்து போகுதுன்னு செய்தி வருதே, இன்னும் பத்து வருஷத்துல இருக்குமா?

இருக்கும், ஆனால் கவலை நியாயமானது. ஏரியின் உயிர் முகத்துவாரத்தில் இருக்கிறது. கடலலை மணலைக் கொண்டுவந்து போட்டு வாயை அடைத்துவிட்டால் கடல்தண்ணீர் வருவது நின்றுபோகும், மீனும் இறாலும் உள்ளே வர முடியாது, படகும் வெளியே போக முடியாது. ஆற்றில் வரும் வண்டலும் சேர்கிறது. வாயைத் தூர்வாரி நிரந்தரமாகத் திறந்து வைக்க வேண்டும் என்று மீனவர்கள் வருஷக்கணக்காகக் கேட்கிறார்கள்.

இங்கே "பாடு" என்று ஒரு முறை உண்டு. இன்று இந்த ஊருக்கு இந்தத் துறை, நாளை அடுத்தவருக்கு என்று முறை வைத்து, யார் எங்கே வலை கட்டலாம் என்று தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் நல்ல இடமும் வரும், சுமாரான இடமும் வரும். பல தலைமுறையாக நடக்கிறது. ஏரி சுருங்கினால் பிரிப்பதற்கே இடம் குறையும், சண்டை வரும். நீங்கள் செய்யக்கூடியது சின்னது: கொண்டுபோன தண்ணீர் பாட்டிலையும் பொட்டலத்தையும் திரும்ப எடுத்து வாருங்கள். வலையில் மீனோடு பிளாஸ்டிக் வருவதை அவர்கள்தான் உட்கார்ந்து பிரித்து எடுக்கிறார்கள்.

மீன் பிடிக்கிறவங்கள போட்டோ எடுத்தா கோபப்படுவாங்களா?

கேட்டு எடுத்தால் இல்லை. கேட்காமல் எடுத்தால் எங்கே இருந்தாலும் கோபம் வரும்தானே.

முக்கியமாக ஒரு காட்சி, எல்லோரும் கேமராவைத் தூக்குவது அதற்குத்தான். தண்ணீர் வற்றும் நேரத்தில் இருளர் பெண்கள் ஏரிக்குள் இடுப்பளவு இறங்கி, கையாலேயே சேற்றில் துழாவி இறால் பிடிப்பார்கள். வலை கிடையாது. பனை ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள். பிடிபட்டதும் ஒரு கை மட்டும் மேலே வந்து பறிக்குள் போட்டுவிட்டுத் திரும்பவும் உள்ளே போகும். நாலைந்து மணி நேரம் இப்படியே. அந்த நேரத்தில் வாய் திறந்து "எடுக்காதீங்க" என்றுகூட அவர்களால் சொல்ல முடியாது. அதனால் காத்திருங்கள். கரையேறி, பறியை இறக்கி வைத்து, முகம் கழுவி உட்கார்ந்த பிறகு போய் "அக்கா, இன்னைக்கு எவ்வளவு கிடைச்சுது?" என்று கேளுங்கள். பறியைச் சாய்த்துக் காட்டுவார்கள். படத்தைப் பற்றி அப்புறம் கேட்கலாம். கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.